நடுவில் வந்த மேயர் தேர்தல்

ரொறன்ரோவில் நகரசபைத் தேர்தல் வருகிறது என்றால் சனம் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. 2022 ஒக்டோபர் 24 அன்று நடந்த தேர்தலில் வாக்குரிமை உள்ளவர்களில் 30 வீதம் பேர்கூட வாக்களிக்கப் போகவில்லை. அப்போதைய மேயர் ஜோன் ரோறி மூன்றாவது தடவையும் வெல்லப்போகிறார் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும், வென்றார், 62 வீதம், சரி அடுத்த வேலையைப் பார் என்று எல்லாரும் போய்விட்டார்கள். எட்டு மாதம் கழித்து அதே பதவிக்கு 2023 யூன் 26 அன்று இடைத்தேர்தல் வைத்தபோது 38.5 வீதம் பேர் போனார்கள். இடைத்தேர்தல் என்றாலே கூட்டம் குறையும் என்பதுதான் வழக்கம். இங்கே கூடிவிட்டது. 2014இல் ரொப், டக் ஃபோர்ட் சகோதரர்கள் நடத்திய திருவிழாவுக்குப் பிறகு இந்த நகரத்தில் நடந்த உருப்படியான மேயர் தேர்தல் அதுதான் என்பது என் எண்ணம்.

காரணம் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை. கதிரை காலியாக இருந்தது. பதவியில் இருக்கிறவர் மறுபடி நிற்கும்போது யாரும் நகரத்தைப் பற்றிக் கதைப்பதில்லை, அவர் இருக்கட்டுமா போகட்டுமா என்று மட்டும்தான் கதைக்கிறார்கள். கதிரை காலியானால்தான் வாடகை ஏன் இவ்வளவு, பஸ் ஏன் வரவில்லை, சொத்துவரியை யார் கூட்டப்போகிறார் என்ற கேள்விகள் எல்லாம் மேலே வரும்.

கதிரை காலியான விதம் தெரிந்ததுதான். 2023 பெப்ரவரி 10, வெள்ளிக்கிழமை இரவு. தன் அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண்ணோடு ரோறிக்குத் தொடர்பு இருந்தது என்று ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகை செய்தி போட்டது, கொஞ்ச நேரத்திலேயே அவர் கமராவுக்கு முன்னால் வந்து விலகுகிறேன் என்றார். ஆனால் உடனே போகவில்லை. அடுத்த கிழமைதான் வரவுசெலவுத் திட்டம் சபைக்கு வர இருந்தது. அதை நிறைவேற்றிவிட்டு 17ஆம் தேதி மாலைதான் கிளம்பினார். மேயர் வராமல் வரவுசெலவுத் திட்டம் என்னவாகும் என்று நகரசபைக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்ட அந்த நாட்கள் நல்ல வேடிக்கை.

அவர் போனதும் துணை மேயர் ஜெனிஃபர் மக்கெல்வி பொறுப்பை எடுத்தார். நகரத்தின் கிழக்குப் பக்கம், எங்கள் ஸ்காபரோ - ரூஜ் பார்க் தொகுதியின் அப்போதைய உறுப்பினர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

யாழ்ப்பாணத்து மாநகரசபை அரசியலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லவேண்டும். அங்கே மேயரை உறுப்பினர்கள் தெரிவு செய்கிறார்கள். 2020 டிசம்பரில் இமானுவேல் ஆர்னோல்டின் வரவுசெலவுத் திட்டம் இரண்டு தடவை தோற்று அவர் பதவி போனது, பிறகு சபைக்குள்ளேயே வாக்கெடுத்து 21க்கு 20 என்று ஒரே வாக்கில் மணிவண்ணன் மேயரானார். ரொறன்ரோவில் அப்படி முடியாது. மேயர் நகரம் முழுவதும் சேர்ந்து நேரடியாகத் தெரிவு செய்கிற ஆள். கட்சிச் சின்னமும் கிடையாது, சீட்டில் பெயர் மட்டும்தான். உறுப்பினர் 25 பேரும் சேர்ந்தாலும் ஒரு மேயரை உருவாக்க முடியாது. அதனால் மார்ச் 29 அன்று சபை கூடி பதவி வெற்றிடமாகிவிட்டது என்று அறிவித்தது, ஏப்ரல் 3இல் வேட்புமனு தொடங்கி மே 12இல் முடிந்தது.

முடிந்தபோது 102 பேர்.

ஆமாம், நூற்று இரண்டு. முந்தின தேர்தலில் 31 பேர் நின்றதையே அதிகம் என்று சொன்னவர்கள் நாங்கள். மேயருக்கு நிற்க என்ன வேண்டும் தெரியுமா? கொஞ்சக் காசு, 25 பேரின் கையெழுத்து. அந்தக் காசும் கணக்கு வழக்கை ஒழுங்காகக் கொடுத்தால் திரும்பி வந்துவிடும். இத்தனை வீதம் வாக்கு எடுக்காவிட்டால் கட்டுப்பணம் போய்விடும் என்ற பயமெல்லாம் இல்லை. பதினெட்டு வயதுப் பள்ளிக்கூடப் பொடியன் ஒருவர் நின்றார். டோபி ஹீப்ஸ் என்பவர் தன் நாய் மொலியோடு சேர்ந்து நின்றார், வென்றால் மொலிக்குக் கௌரவ மேயர் பதவியாம். மொலியின் முக்கிய கொள்கை, பனிக்காலத்தில் தெருவில் கண்டபடி உப்புக் கொட்டுவதை நிறுத்துவது. சிரிப்பு வந்தாலும், ஒவ்வொரு மார்ச்சிலும் காரின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்கிறவன் என்ற முறையில் மொலியின் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே சொல்வேன்.

வாக்குச்சீட்டைக் கையில் வாங்கியவர்களுக்கு மறக்காது. அது சீட்டு இல்லை, பாய். குடும்பப்பெயர் அகரவரிசையில் பத்தி பத்தியாகப் பெயர்கள். எனக்கு முன்னால் நின்ற ஒரு வயதான அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறக்கிக்கொண்டு போனார். பேத்தியோ மகளோ தெரியாது, கொஞ்சம் தள்ளி நின்றபடி "அம்மம்மா, சி எழுத்தில பாருங்கோ" என்று மெதுவாகச் சொல்ல, தேர்தல் அலுவலர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. சி எழுத்தில் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒலிவியா சௌ. ஹொங்கொங்கில் பிறந்து 13 வயதில் கனடாவுக்கு வந்தவர். 1985இல் பள்ளிச்சபை, பிறகு நகரசபை, பிறகு நாடாளுமன்றம். மறைந்த புதிய ஜனநாயகக் கட்சி (என்.டி.பி.) தலைவர் ஜக் லேற்றனின் மனைவி. 2014இல் மேயருக்கு நின்று 23 வீதத்தோடு மூன்றாவதாக வந்து, இவரின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் எழுதிவைத்த ஆள். ஒன்பது வருடம் கழித்து வந்து நின்றதும் முதல் கருத்துக்கணிப்பிலிருந்தே முன்னுக்கு நின்றார். காரணம் அவரா, பெயர் அறிமுகமா என்று நாங்கள் நிறையவே விவாதித்தோம். 102 பேர் நிற்கிற இடத்தில் பெயர் தெரிந்திருப்பதே பாதி வெற்றி என்பது என் கணிப்பு.

மற்றவர்களில் விவாத மேடைக்குப் பெரும்பாலும் கூப்பிடப்பட்டவர்கள் ஐந்து பேர்: முன்னாள் துணை மேயர் ஆனா பைலாவ், முன்னாள் பொலிஸ் தலைவர் மார்க் சோண்டர்ஸ், நகரசபை உறுப்பினர்கள் ஜோஷ் மட்லோ, பிராட் பிராட்ஃபோர்ட், ஸ்காபரோ - கில்ட்வூட் மாகாணசபை உறுப்பினராக இருந்த மிற்சி ஹன்ரர். மேடைக்கு வெளியே பத்திரிகைக்காரர் அன்ரனி ஃபியூரி சைக்கிள் பாதைகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்துகொண்டிருந்தார். மீதி 95 சொச்சம் பேர் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. விதிவிலக்கு குளோயி பிரவுண். மேடையே இல்லாமல் 2.6 வீதம் எடுத்தார், பிராட்ஃபோர்ட்டை விட இரண்டு மடங்கு.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் இந்தத் தேர்தல் உண்மையில் அதைப் பற்றியது. நகரத்தின் கணக்கில் ஒரு பில்லியன் டொலருக்கும் மேலே துண்டு விழுந்திருந்தது. கொரோனா காலத்தில் நகரத்தின் பஸ், ரயில்களை ஓட்டும் ரீரீசியின் வருமானம் போய்விட்டது, அது முழுதாகத் திரும்பி வரவில்லை. ரோறி பல வருடம் சொத்துவரியைப் பணவீக்கத்துக்கு மேலே கூட்டமாட்டேன் என்றே வென்றவர், கடைசி வருடம்தான் 7 வீதம் கூட்டினார். அடுத்த மேயர் யாராக இருந்தாலும் கூட்டத்தான் வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால் எத்தனை வீதம் என்று மேடையில் வாய் திறந்து இலக்கம் சொன்ன முக்கிய வேட்பாளர் மிற்சி ஹன்ரர். 6 வீதம் என்றார். அவருக்குக் கிடைத்தது 3 வீதத்துக்கும் குறைவான வாக்கு. சௌ கொஞ்சம் கூட்டுவேன் என்றார், எவ்வளவு என்று எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டும் கடைசிவரை சொல்லவேயில்லை. 2024இல் கூட்டியது 9.5 வீதம். உண்மையைச் சொன்னவருக்கு என்ன நடந்தது, மழுப்பியவருக்கு என்ன நடந்தது என்று பார்த்த பிறகு அடுத்த தேர்தலில் எவராவது இலக்கம் சொல்வார்களா? நான் சௌவைக் குறை சொல்வதை விட எங்களைத்தான் குறை சொல்வேன். கேட்டது நாங்கள், சொன்னவருக்கு வாக்குப் போடாமல் விட்டதும் நாங்கள்.

ஸ்காபரோவில் இன்னொரு கதை ஓடியது. ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 1985இலிருந்து ஓடுவது, 2023 நவம்பரில் நிறுத்துவதாக இருந்தது. அதற்குப் பதிலாக வரவேண்டிய சுரங்க ரயிலை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இடைப்பட்ட காலத்துக்கு ரயில் பாதையையே பஸ் ஓடுகிற தனிப் பாதையாக மாற்றலாம் என்று திட்டம் இருந்தது, ஆனால் காசு ஒதுக்கவில்லை. பிரசாரத்தில் பார்த்தால் கெனடி ஸ்ரேஷன் பக்கம் முன்பின் வராதவர்கள் எல்லாம் வந்து படமெடுத்தார்கள். பஸ் பாதை ஒரு பெரிய வாக்குறுதியாகிவிட்டது. ரயிலுக்குக்கூடப் பொறுமை இல்லை போல, தேர்தல் முடிந்து ஒரு மாதத்தில், யூலை 24 மாலை, எல்ஸ்மியர் அருகே பின்பெட்டி தடம் புரண்டு ஐந்து பேர் காயப்பட்டார்கள். அதன் பிறகு அந்த ரயில் ஓடவேயில்லை. எல்லாரும் பஸ்ஸுக்கு மாறினோம்.

எங்கள் கட்டடத்துக்கும் கதவு தட்டிக்கொண்டு வந்தார்கள். ஆங்கிலத்தில் தொடங்கி என் முகத்தைப் பார்த்துவிட்டு "தமிழோ அண்ணை?" என்று கேட்டுத் தமிழ்த் துண்டுப்பிரசுரத்தை எடுத்துத் தந்த பிள்ளைக்கு இருபது வயதுகூட இருக்காது. பிரசுரத்தில் தமிழ் சுமார்தான், ஆனால் பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருந்தது. வாடகைக் கட்டுப்பாடு மாகாண அரசின் கையில்தானே, மேயர் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். நகரத்துக்குச் சொந்தமான காணியில் நகரமே வீடு கட்டினால் அந்த வீடுகளின் வாடகையை நகரமே தீர்மானிக்கலாம் என்று பதில் வந்தது. எட்டு வருடத்தில் 25,000 வீடு என்பது சௌவின் வாக்குறுதி. முடியுமா முடியாதா என்பது வேறு. ஒரு தேர்தலில் வாசலில் நின்று இப்படி ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது எனக்குப் புதிது.

பக்கத்து வீட்டு அக்காவின் கதவையும் அந்தப் பிள்ளை தட்டியது. அக்கா வந்து பல வருடம், நிரந்தர வதிவுரிமை இருக்கிறது, குடியுரிமை இன்னும் எடுக்கவில்லை, அதனால் வாக்கு இல்லை. வாடகை கட்டுகிறார், அந்த வாடகைக்குள் சொத்துவரியும் இருக்கிறது, விடியக்காலை பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார். என் மச்சான் ஒருவர் ரொறன்ரோவுக்கு வெளியே, ஏஜாக்ஸில் பெரிய வீட்டில் இருக்கிறார், ஸ்காபரோவில் ஒரு கொண்டோ வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறார். அவருக்கு வாக்கு இருக்கிறது. ஏனென்றால் ஒன்ராறியோ சட்டப்படி குடியுரிமை உள்ளவர் நகரத்துக்குள் சொத்து வைத்திருந்தால் போதும், அங்கே வசிக்கத் தேவையில்லை, அவருடைய மனைவிக்கும் சேர்த்தே வாக்குண்டு. நிரந்தர வதிவாளர்களுக்கும் நகரசபைத் தேர்தலில் வாக்குக் கொடுங்கள் என்று ரொறன்ரோ சபையே 2013இல் மாகாணத்தைக் கேட்டது. மாகாணம் அசையவில்லை. மச்சான் வாக்களித்தாரா என்று கேட்டேன். நேரமில்லையாம்.

மாகாணம் என்றதும் ஒன்ராறியோ முதலமைச்சர் டக் ஃபோர்ட் ஞாபகம் வருகிறார். அவரை விட்டுவிட்டு ரொறன்ரோ அரசியலை எழுத முடியாது. 2018இல் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே 47 ஆக இருக்க வேண்டிய தொகுதிகளை 25 ஆக வெட்டினார். 2020இல் நகரசபைகள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று விருப்ப வரிசைப்படி இட்டு வாக்களிக்கும் முறையை எடுக்கக்கூடாது என்று சட்டம் மாற்றினார். 2022இல் மேயருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்து, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் ஆதரவோடே சில சட்டங்களை நிறைவேற்றலாம் என்று வைத்தார். ரோறி கேட்டு வாங்கிய அதிகாரம் அது. வாங்கியவர் அனுபவிக்காமலே போய்விட்டார். சிறுபான்மையை வைத்துச் சட்டம் போடும் அந்த அதிகாரத்தைத் தொடமாட்டேன் என்று சௌ சொன்னார்.

இந்த இடைத்தேர்தலில் ஃபோர்ட் சோண்டர்ஸுக்காக வீட்டு முற்றத்தில் பலகை நட்டார், சௌ வந்தால் நகரம் நாசமாகிவிடும் என்றார். யூன் 21இல், வாக்களிப்புக்கு ஐந்து நாள் இருக்க, ரோறி பைலாவுக்கு ஆதரவு சொன்னார். ரொறன்ரோ ஸ்டாரும் பைலாவ் பக்கம். அதுவரை கருத்துக்கணிப்புகளில் இருபது வீதத்துக்குக் கீழே இருந்த பைலாவ் கடகடவென்று ஏறினார். ஆனால் யூன் 8 தொடக்கம் 13 வரை முற்கூட்டிய வாக்களிப்பில் ஏறத்தாழ 1.3 லட்சம் பேர் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தார்கள். மற்றவர்களோ விலகினாலும் பயனில்லை, மே 12க்குப் பிறகு பெயரைச் சீட்டிலிருந்து எடுக்க முடியாது.

அன்றிரவு தொலைக்காட்சியில் முதலில் பைலாவ் முன்னுக்கு வந்தார், எங்கள் வீட்டு வட்ஸ்அப் குழுவில் ஒரே கூத்து. பிறகு சௌ தாண்டினார், திரும்பி வரவில்லை. சௌவுக்கு 269,372 வாக்கு, 37 வீதம். பைலாவுக்கு 235,175, 32 வீதம் சொச்சம். சோண்டர்ஸ் 8.6. ஃபியூரி, மட்லோ ஆளுக்கு ஏறத்தாழ 5. முதலமைச்சர் கைகாட்டிய ஆளுக்கு ஒன்பது வீதம்கூட வரவில்லை என்பதை எத்தனை தடவை வாசித்தாலும் அலுக்காது.

சரி, 37 வீதத்தோடு வந்தவர் முழு நகரத்துக்கும் மேயரா என்று கேட்டவர்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். கேள்வி நியாயம்தான். விருப்ப வரிசை முறை இருந்திருந்தால் சோண்டர்ஸுக்கும் ஃபியூரிக்கும் போட்டவர்களின் இரண்டாவது விருப்பம் பைலாவுக்குப் போய் அவரே வென்றிருக்கவும் கூடும். மட்லோவின் வாக்கு சௌவுக்குப் போயிருக்கும். யாருக்குத் தெரியும். ஆனால் அந்த முறையைத் தடை செய்தவரே ஃபோர்ட். தன் எதிராளியை உட்கார வைத்ததில் அவருடைய கைங்கரியமும் இருக்கிறது என்று சொன்னால் கோபிப்பார்.

யூலை 12 அன்று சௌ பதவியேற்றார். 1998இல் அயல் நகரங்களை ரொறன்ரோவோடு ஒன்றாக்கிய பிறகு வந்த முதல் பெண் மேயர், ரொறன்ரோவின் சரித்திரத்திலேயே வெள்ளையர் அல்லாத முதல் மேயர். நகரத்தில் பாதிக்கு மேல் எங்களைப் போன்ற ஆட்கள் இருந்தும் அதற்கு 2023 வரை போகவேண்டி வந்தது. நவம்பரில் அதே ஃபோர்டும் அதே சௌவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒப்பந்தம் போட்டார்கள். கார்டினர், டொன் வலி நெடுஞ்சாலைகளின் செலவை மாகாணம் எடுத்துக்கொள்ளும், ஏரிக்கரையில் உள்ள ஒன்ராறியோ பிளேஸ் காணியில் மாகாணம் செய்யப்போகிறதை நகரம் எதிர்க்காது. நாசம் என்று சொன்னவருக்கு ஐந்து மாதம்தான் எடுத்தது. ஒன்ராறியோ பிளேஸை விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நெடுஞ்சாலைச் செலவு நகரத்தின் தலையிலிருந்து இறங்கியது சின்ன விஷயமில்லை.

இனி மக்கெல்விக்கு வருகிறேன். இந்த ஒரு ராஜினாமா எத்தனை கதிரையை ஆட்டியது என்று பாருங்கள். மேயருக்கு நிற்க மிற்சி ஹன்ரர் மாகாணசபைப் பதவியை விட்டார். அந்த இடத்துக்கு யூலை 27இல் இடைத்தேர்தல். அதில் நிற்பதற்காக நகரசபை உறுப்பினர் கரி குரோஃபோர்ட் தன் பதவியை விட்டார், தோற்றும் போனார். அவருடைய ஸ்காபரோ தென்மேற்குத் தொகுதிக்கு நவம்பர் 30இல் இன்னொரு இடைத்தேர்தல், அதில் வென்றவர் பார்த்தி கந்தவேள். ரோறி ஒருவரோடு ஆரம்பித்தது எங்கள் ஆள் ஒருவர் நகரசபைக்குள் போவதில் வந்து நின்றது.

மக்கெல்வியின் கதை அதைவிட நீளம். 2018இல் ஃபோர்ட் தொகுதிகளை வெட்டியபோது அப்போது உறுப்பினராக இருந்த நீதன் சாணும் மக்கெல்வியும் ஸ்காபரோ - ரூஜ் பார்க்கில் மோத வேண்டி வந்தது. நீதன் 154 வாக்கால் தோற்றார். மக்கெல்வி துணை மேயராகி, அந்த நாலைந்து மாதம் நகரத்தை நடத்தி, 2025 ஏப்ரலில் ஏஜாக்ஸிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். வெற்றிடத்துக்கு 2025 செப்டெம்பர் 29இல் இடைத்தேர்தல் வைத்தார்கள். நீதன் வென்றார்.

அடுத்த வழக்கமான தேர்தல் 2026 ஒக்டோபர் 26. இந்தத் தடவை கதிரையில் ஆள் இருக்கிறார், அதனால் மறுபடி இருக்கட்டுமா போகட்டுமா என்ற கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார். மச்சானுக்கு நான் நினைவூட்டப் போவதில்லை.